மண்ணை அறிந்து மனை கட்டுவோம்



திருவண்ணாமலையில் வாழ்பவர்களுக்கு மலை என்பது எட்ட நிற்கும் காட்சிப் பொருளன்று. காலையில் கதவைத் திறந்தால் கண்ணில் படுவது அது. வழி தவறினால் திசை காட்டுவது அது. எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் தெரிவது அது. கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை ஆறு மணிக்கு அதன் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படும்போது ஊர் முழுவதும் ஒரே குரலாக ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த மலை அசையும் என்று எங்களில் எவரும் கனவிலும் கருதியதில்லை.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. முந்திய இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, உள்மாவட்டங்களில் பெருமழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சேறும் பெயர்ந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் குடியிருப்புகளின்மேல் இறங்கின. ஒரு வீடு மண்ணுள் புதைந்தது. அதனுள் இருந்த ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர் சிறுமியர். மீட்புப் படையினர் பாறைகளுக்கிடையே மண்ணைத் தோண்டி உடல்களை ஒவ்வொன்றாக எடுத்தனர். அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று, நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்து கூறிய கருத்தின்படி, பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தீபம் ஏற்றும் பணிக்கு வேண்டியவர்கள் மட்டுமே மேலே சென்றனர்.

அந்நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் கழித்து என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவருடைய வீடு வேறொரு தெருவில், அதே மலையின் அடிவாரத்தில் இருந்தது. அன்றைய மழையில் சேறு வந்து மோதி, சமையலறைச் சுவர் சரிந்துவிட்டது. உயிருக்கு ஊறில்லை. வந்தவர் உட்காரவுமில்லை. “சார், அதே இடத்தில் சுவரை எழுப்பிவிடலாமா? இந்த முறை கம்பி போட்டுக் கனமாகக் கட்டிவிடுகிறேன். நீங்கள் சரியென்று சொன்னால் போதும்” என்றார்.

‘நீங்கள் சொன்னால் போதும்’ என்ற சொல் என்னைச் சுட்டது. பல ஆண்டுகளுக்கு முன் அந்த மனையை வாங்கலாமா என்று அவர் கேட்டபோதும் சரியென்று சொன்னவன் நானே. விலை குறைவு, காற்றோட்டம் உண்டு, வாசலில் நின்றாலே மலை தரிசனம் கிடைக்கும் என்றேன். புதுமனை புகுவிழாவில் முதல் பந்தியில் அமர்ந்து உண்டேன். முப்பது ஆண்டுகள் பூகோளமும் விஞ்ஞானமும் கற்பித்தவன், ஒருமுறையேனும் அந்த வீட்டின் பின்புறம் சென்று, மேலே என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆகவே அன்று நான் அவருக்கு உடனே விடை கூறவில்லை. விடை தேடிப் புறப்பட்டபோது நான் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நிலச்சரிவுக்கு மழை காரணம். பூகம்பத்துக்குப் பூமியின் உள்ளியக்கம் காரணம். ஆயினும், இடிந்த வீட்டின் முன் நிற்பவன் கேட்கும் கேள்வி இரண்டிலும் ஒன்றே: மறுபடியும் இங்கேயே கட்டலாமா? இக்கேள்விக்கு மக்கள் பெரிய அளவில் விடை தேடியது பூகம்பம் கண்ட நாடுகளில்தான். அவர்களுடைய அனுபவத்தை அறிந்தால் நம் மலையடிவாரத்துக்கும் வழி தெரியும்.

முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில், தக்காணப் பீடபூமி மிகப் பழைய உறுதியான நிலம், இமயமலைப் பகுதியைப் போல் அங்கே பூகம்பம் நேராது என்று வகுப்பில் கூறுவது வழக்கம். நானும் கூறினேன், கரும்பலகையில் எழுதியும் போட்டேன். 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் விடியுமுன், மகாராஷ்டிரத்தில் லாத்தூருக்கு அருகிலுள்ள கில்லாரி என்னும் ஊரில் பூமி நடுங்கியது. பிள்ளையார் சதுர்த்தி விழாவின் நிறைவைக் கொண்டாடிவிட்டு மக்கள் அயர்ந்து உறங்கிய வேளை அது. அதன் அளவு 6.2, உலகப் பூகம்பங்களின் வரிசையில் அது நடுத்தரமானதே. எனினும் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “சார், அந்த ஊர் தக்காணப் பீடபூமியில்தானே இருக்கிறது?” என்று கேட்டான். நான் எழுதிப் போட்ட வரி அப்போதும் அவனுடைய குறிப்பேட்டில் இருந்தது.

உண்மையில் 1967-ஆம் ஆண்டு டிசம்பரில் அதே மகாராஷ்டிரத்தின் கொய்னாப் பகுதியில் நேர்ந்த பூகம்பமே நமக்கு எச்சரிக்கை தந்திருக்க வேண்டும். தமிழகமும் விலக்கன்று. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் எழுந்த அதிர்ச்சி தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் இரவு எட்டரை மணியளவில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் ஒரு பூகம்பம் தோன்றியது. அப்போது நான் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மேசை மெல்ல அசைந்தது, அடுக்களையில் பாத்திரங்கள் கலகலத்தன, அவ்வளவே. ஆனால் சென்னையில் மக்கள் வீடுகளைவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தனர். 2002-ஆம் ஆண்டில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு நாட்டின் பூகம்ப மண்டல வரைபடத்தைத் திருத்தியபோது, சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

பூகம்பம் ஏன் வருகிறது என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. முட்டும் விளிம்பில் இமயம் எழுந்தது. அந்த நெருக்குதல் விளிம்போடு நில்லாமல் தட்டின் உட்பகுதிக்கும் பரவுகிறது. அங்கே பண்டைக் காலத்தில் ஏற்பட்ட பிளவுகள் இருந்தால், நீண்டகாலம் திரண்ட இறுக்கம் ஒருநாள் அவற்றின் வழியே விடுபடும். கில்லாரியில் நேர்ந்தது அதுவே.

இனி ஒரு நுட்பத்தை நீங்கள் அறியவேண்டும். பூகம்பத்தின் அளவு வேறு. ஓரிடத்தில் அது விளைக்கும் உறைப்பு வேறு. மலையுச்சியில் எரியும் மகாதீபத்தை எண்ணிக்கொள்ளுங்கள். தீபம் ஒன்றே. ஆனால் கோயில் வாசலில் நிற்பவருக்கு ஒருவாறும், பல மைல் தொலைவில் உள்ள சிற்றூரில் இருப்பவருக்கு வேறொருவாறும், மரக்கிளை மறைக்கும் இடத்தில் நிற்பவருக்கு இன்னொருவாறும் தெரியும். அதுபோல் பூகம்பத்தின் அளவு ஓர் எண்தான்; அது ஒவ்வொரு வீட்டையும் எவ்வளவு உலுக்கும் என்பது, தொலைவையும் அந்த வீட்டின் அடியிலுள்ள மண்ணையும் பொறுத்தது.

மண்ணின் வேற்றுமை எவ்வளவு பெரிது என்பதை 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தில் கண்டோம். அன்றைய பூகம்பம் கட்ச் மாவட்டத்தில் பூஜ் நகருக்கு அருகே தோன்றியது. அதன் அளவு 7.7. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஆமதாபாத்தில் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. சபர்மதி ஆறு கொண்டுவந்து சேர்த்த ஆழமான வண்டல், தொலைவிலிருந்து வந்த அதிர்வைப் பெருக்கிக் காட்டியது. போதாக்குறைக்கு அக்கட்டடங்களின் தரைத்தளத்தைக் கார் நிறுத்துவதற்காகச் சுவரின்றித் தூண்களோடு விட்டிருந்தனர். கனத்த உடலை மெலிந்த கால்களில் நிறுத்தியது போன்ற அமைப்பு அது.

மண் அதிர்வைப் பெருக்குவதோடு நிற்பதில்லை. சில இடங்களில் அது தன் உறுதியையே இழந்துவிடும். வகுப்பறையில் நான் பலமுறை செய்து காட்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு தட்டில் மணலைப் பரப்பி, அது நிறைய நீர் ஊறும்படி ஊற்றி, மேலே ஒரு செங்கல்லை நிறுத்துங்கள். செங்கல் அசையாமல் நிற்கும். பின்பு தட்டின் ஓரத்தை விரல்களால் விடாமல் தட்டுங்கள். நீர் மேலே கசியும், மணல் கூழாகும், செங்கல் சாய்ந்து உள்ளே இறங்கும். 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் நேர்ந்த பெரும் பூகம்பத்தில் நிலம் பிளந்து மணலும் நீரும் ஊற்றாகப் பீறிட்டன. வீடுகள் மண்ணில் அமிழ்ந்தன. 1964-ஆம் ஆண்டு ஜப்பானின் நீகாட்டா நகரில், நன்கு கட்டிய அடுக்கு வீடுகள் சுவர் அதிகம் சிதையாமலே முழுக் கட்டடமாகச் சாய்ந்தன. கொத்தனார் தம் பணியைச் செம்மையாகச் செய்திருந்தார்; நிலம் கைவிட்டுவிட்டது.

ஆகவே, கம்பி போட்டுக் கனமாகக் கட்டிவிட்டால் போதும் என்ற என் மாணவரின் எண்ணம் பாதி உண்மையே. அந்தப் பாதியையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அதற்கு ஒரு சான்று கூறுவேன்.

1931-ஆம் ஆண்டு பலூசிஸ்தானத்தில் மச் என்னும் இடத்தில் பூகம்பம் நேர்ந்தது. ரயில்வே பொறியியலாளரான எஸ். எல். குமார் என்பவர் அதன் பின் நிகழ்ந்த கட்டுமானத்தில் ஈடுபட்டார். இடிந்தவை ஏன் இடிந்தன, நின்றவை ஏன் நின்றன என்று ஆராய்ந்து, குவெட்டாவில் ரயில்வே ஊழியர்களுக்கு அதிர்ச்சியைத் தாங்கும் குடியிருப்புகளை அமைத்தார். எந்தப் பகுதிக்கு எவ்வளவு அபாயம் என்று காட்டும் இந்திய வரைபடம் ஒன்றையும் வகுத்தார். நம் நாட்டில் அத்தகைய முயற்சிகளுக்கு அதுவே முன்னோடி. 1935-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் விடியுமுன் குவெட்டா நகரம் தரைமட்டமாயிற்று. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த இடிபாடுகளுக்கு நடுவே, நான்கே ஆண்டுகளுக்கு முந்திய பாடத்தைக் கற்றுக் கட்டிய அந்த ரயில்வே வீடுகள் நின்றன. ஓர் ஊரின் துயரத்தைக் கூர்ந்து படித்த ஒருவரின் உழைப்பு, பக்கத்து ஊரில் பல குடும்பங்களைக் காத்தது.

கில்லாரியில் வீடுகள் ஏன் அவ்வாறு விழுந்தன? உருண்டைக் கற்களை மண்சாந்தால் அடுக்கிய தடித்த சுவர்கள். உள்முகத்தையும் வெளிமுகத்தையும் பிணைக்கும் குறுக்குக் கற்கள் இல்லை. வெயிலுக்கு அடக்கமாக மரச்சட்டங்களின்மேல் தடிமனாக மண் பரப்பிய கூரை. வெப்பத்தைத் தடுத்த அதே கூரை, அதிர்ச்சி வந்ததும் உறங்கியவர்மேல் இறங்கியது. மாறாக, கட்ச் பாலைவனத்தில் மக்கள் பண்டுதொட்டு அமைத்துவரும் ‘பூங்கா’ என்னும் வட்டக் குடிசைகள் 2001-இல் பெரும்பாலும் நிலைத்தன. வட்டமான மண்சுவரும் இலேசான கூம்புக் கூரையும் அவற்றைக் காத்தன. பாமர மக்களின் அனுபவத்திலும் விஞ்ஞானம் உண்டு என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இப்போது நாம் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பூகம்பத்துக்குப்பின் வீடு கட்டுமுன் இடத்தை எவ்வாறு சோதிப்பது?

நம் முன்னோர் மனை பார்க்கும்போது ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பக் கொட்டுவார்கள். குழி நிறைந்து மண் மிஞ்சினால் உத்தமம், சமமாக நிறைந்தால் மத்திமம், குறைந்தால் அதமம் என்பர். மண் நெருக்கமாக இறுகியிருந்ததா, பொத்தலாக இருந்ததா என்பதை அது காட்டிவிடும். இன்றைய பொறியியலாளர் அதே கேள்வியை ஆழத்தில் கேட்கிறார். நிலத்தில் துளையிட்டு ஒரு குழாயை நிறுத்தி, 63.5 கிலோகிராம் எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் திரும்பத்திரும்ப விழச்செய்கிறார். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடிகள் வேண்டியிருந்தன என்று எண்ணுகிறார். சில அடிகளிலேயே இறங்கினால் மண் தளர்ந்தது. பல அடிகள் தேவைப்பட்டால் இறுகியது. நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்கிறார். ஏனெனில் தளர்ந்த மணலும் உயர்ந்த நீர்மட்டமும் சேர்ந்த இடத்தில்தான் நான் சொன்ன செங்கல்லின் கதை நடக்கும்.

நிலவியல் அறிஞர் இன்னும் சற்று விரிவாகப் பார்க்கிறார். அருகில் பழைய பிளவுக்கோடு ஓடுகிறதா? ஐயமிருந்தால் அதன் குறுக்கே பள்ளம் வெட்டி, மண் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கின்றனவா என்று ஆராய்கிறார். சரிவு எவ்வளவு செங்குத்து? பாறை வெடிப்புகள் எந்தப் பக்கம் சாய்ந்துள்ளன? அவை சரிவை நோக்கிச் சாய்ந்திருந்தால் பாறை வழுக்குவது எளிது. மேலே தனித்து நிற்கும் கற்கள் உண்டா? மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது? பூகம்பத்துக்குப்பின் புதிய வெடிப்புகள் தோன்றியுள்ளனவா? இந்த இறுதிக் கேள்வி மிக முக்கியமானது. அதிர்ச்சி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அது தளர்த்திவிட்ட சரிவோ அடுத்தடுத்த மழைக்காலங்களில் இறங்கும்.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் நேபாளத்தில் நேர்ந்த பூகம்பத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் மாண்டனர். லாங்டாங் என்னும் மலைக்கிராமம் மேலிருந்து சரிந்த பனியாலும் கல்லாலும் மூடப்பட்டது. மறுசீரமைப்பின்போது அந்நாட்டில் நிலவியல் அறிஞர்கள் ஐயத்துக்குரிய குடியிருப்புகளுக்கு நேரில் நடந்துசென்று ஆராய்ந்தனர். ஆராய்ந்தவற்றை மூன்று வகைப்படுத்தினர். முதல் வகை, அங்கேயே கட்டலாம். இரண்டாம் வகை, வடிகால், தடுப்புச் சுவர் முதலிய காப்பு வேலைகளைச் செய்தபின் கட்டலாம். மூன்றாம் வகை, அங்கே கட்டலாகாது. வேறிடம் செல்ல வேண்டும். எளிய பாகுபாடுதான். ஆனால் இடிந்த சுவரின் முன் நிற்கும் ஏழைக்கு இதைவிடப் பயனுள்ள சொல் வேறில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூலையில் நிலச்சரிவு கண்ட கேரளத்து வயநாட்டிலும் வல்லுநர் குழு ஒன்று சென்று, வசிக்கத் தக்க பகுதி எது, தகாத பகுதி எது என்று எல்லை குறித்தது.

‘தகாதது’ என்று கோடு கிழித்துவிட்டால் கடமை தீர்ந்ததா? இல்லை. கில்லாரிப் பூகம்பத்துக்குப்பின் 52 கிராமங்கள் முழுவதும் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. புதிய வீடுகள் உறுதியானவை, தெருக்கள் அகலமானவை. ஆனால் பல இடங்களில் வயல் தொலைவாயிற்று. மாடு கட்ட இடமில்லை. தலைமுறைகளாக ஒட்டி வாழ்ந்த உறவினர் பிரிந்து குடியேறினர். குஜராத்தில் இவ்வனுபவத்தை எண்ணிப் பார்த்து, கிராமங்களில் பெரும்பாலோர் தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்ளும் முறையைக் கைக்கொண்டனர். அரசு பொருளுதவியைத் தவணையாக அளித்தது. பொறியியலாளர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து சோதித்தனர். கொத்தனார்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. கட்டியவனுக்கே தன் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருந்தது.

அதே கட்ச் மாவட்டத்தில் அஞ்சார் என்றோர் ஊர் உண்டு. 2001-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று காலை பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர்களுடன் ஊர்வலமாகச் சென்றுகொண்டிருந்தார்கள். குறுகிய தெருவில் நடந்தபோது பூமி அதிர்ந்தது. இருபுறத்து வீடுகளும் அவர்கள்மேல் சரிந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் மாண்டனர். அவர்கள் பெயரால் இன்று அங்கே ஒரு நினைவகம் இருக்கிறது. எத்தனையோ குடியரசு நாட்களில் என் பள்ளிப் பிள்ளைகளை நான் தெருத்தெருவாக அழைத்துச் சென்றிருக்கிறேன். அச்செய்தியைப் படித்த நாள்முதல், ஊர்வலம் செல்லும் வழியை நானே முன்னதாக நடந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பின்னர் அவ்வட்டாரத்து நகரங்களைத் திருத்தி அமைத்தபோது, தெருக்களை அகலப்படுத்துவதும் திறந்த வெளிகளை விடுவதும் முதன்மை பெற்றன. ஆகவே இடத்தைச் சோதிப்பது என்றால் வீட்டின் அடிநிலத்தை மட்டுமன்றி, ஓடித் தப்பும் வழியையும் சோதிப்பதாகும்.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். என் மாணவரையும், எனக்குத் தெரிந்த பொறியியலாளர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் காலை அந்த வீட்டின் பின்புறம் சென்றேன். பல ஆண்டுகளுக்கு முன் செய்திருக்க வேண்டிய காரியம் அது. பொறியியலாளர் கையால் சுட்டிக்காட்டிய பின்னரே எனக்கு எல்லாம் புலனாயிற்று.

மலையின் பாறை மிகப் பழையது, மிக உறுதியானது. ஆனால் அது ஒரே கட்டியாக இல்லை. வெயிலும் மழையும் நெடுங்காலமாக அதன் வெடிப்புகளுள் புகுந்து, விளிம்புகளைத் தேய்த்து, பெரும் பாறையை உருண்டைக் கற்களாகப் பிரித்துவைத்திருக்கின்றன. கற்களுக்கிடையே மக்கிய மண் நிரம்பியிருக்கிறது. வறண்ட காலத்தில் அம்மண் கற்களைப் பிடித்து நிறுத்தும். பெருமழையில் நீர் ஊறினால் மண்ணின் எடை ஏறுகிறது; பிடிப்போ குறைகிறது. கீழே மனைக்காகச் சரிவின் காலை வெட்டிவிட்டால், அடுக்கிய பானைகளில் அடிப்பானையை உருவியதற்கு ஒப்பாகும். என் மாணவரின் வீட்டுக்குப் பின்னால் சரிவு ஓர் ஆள் உயரத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. அதற்கு மேலே ஆழமில்லாத ஒரு பள்ளம் தெரிந்தது. வறண்ட நாளில் அது ஆட்டுப்பாதை போலத் தோன்றும். “மழை வந்தால் இதுதான் ஓடை. உங்கள் சமையலறை ஓடையின் வாயில் இருக்கிறது” என்றார் பொறியியலாளர்.

என் மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “நேபாளத்தில் செய்தார்களே, அந்தக் கணக்கில் என் வீடு எந்த வகை, சார்?” என்று கேட்டார். நான் அவரிடம் முன்னரே அதைச் சொல்லியிருந்தேன். “மூன்றாம் வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் நான் நிலவியல் படித்தவன் அல்லன். முறையாகச் சோதித்தவர் சொல்லும்வரை அங்கே ஒரு செங்கல்லும் வைக்காதே. முன்பு உனக்கு நான் சொன்னது தவறு” என்றேன்.

அவர் இப்போது ஊருக்குள் வாடகை வீட்டில் வசிக்கிறார். மனைக்கடன் இன்னும் தீரவில்லை. மலையைப் பார்த்துக் கும்பிடாமல் நாளைத் தொடங்க முடியவில்லை என்று அவருடைய தாயார் குறைப்பட்டுக்கொள்கிறார். இந்தக் குறையையும் கடனையும் கணக்கில் சேர்க்காமல், ‘அபாயமான இடத்தில் ஏன் கட்டினாய்?’ என்று ஏழையைக் கேட்பது நியாயமாகாது. விலை குறைவான இடம் ஏன் விலை குறைவாக இருக்கிறது என்பதை அவருக்கு எடுத்துச்சொல்லக் கற்றவர்கள் கடமைப்பட்டவர்கள். நான் அக்கடமையைச் செய்யத் தவறினேன்.

மாணவ மாணவியரே! பூகம்பம் எந்த நாளில், எந்த நேரத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல உலகில் இன்றுவரை எவராலும் இயலவில்லை. ஆனால் எந்த மண் ஆடும், எந்தச் சரிவு இறங்கும், எந்தச் சுவர் விழும் என்பதை முன்கூட்டி அறிய இயலும். அந்த அறிவு இடிந்தபின் வருவதைவிடக் கட்டுமுன் வருவது நல்லது. அது தவறினால், மறுபடி கட்டுமுன்னேனும் வரவேண்டும்.

உங்களில் சிலர் பொறியியல் பயில்வீர்கள். சிலர் நிலவியல் பயில்வீர்கள். பலர் என்றேனும் ஒரு வீடு கட்டுவீர்கள். அதற்கெல்லாம் காத்திராமல் இந்த விடுமுறையிலேயே ஒன்று செய்யலாம். உங்கள் தெருவின் படம் ஒன்றை வரையுங்கள். மேடு எது, பள்ளம் எது என்று குறியுங்கள். முதியவர்களிடம் சென்று, பழைய ஓடை எங்கே ஓடியது, எந்த மனை குளமாக இருந்தது, எந்த மழையில் எதுவரை நீர் வந்தது என்று கேளுங்கள். கிணறு வெட்டியவரிடம் எத்தனை அடியில் மண் முடிந்து பாறை தொடங்கியது என்று விசாரியுங்கள். அவர்கள் நினைவிலுள்ளவை எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இல்லாமற்போகலாம். அவற்றை எழுதிவைத்துப் பள்ளியில் ஒரு படி, ஊராட்சியில் அல்லது நகராட்சியில் ஒரு படி கொடுங்கள். முறையாக ஆராயவரும் வல்லுநருக்கு அது நல்ல தொடக்கமாக அமையும்.

பின்பு, எவரேனும் உங்களை அழைத்துச் சென்று ஒரு மனையைக் காட்டி, ‘இடம் எப்படி?’ என்று கேட்டால், வாசலில் நின்று காற்றோட்டத்தைப் புகழ்ந்துவிட்டு வராதீர்கள். வீட்டின் பின்புறம் செல்லுங்கள், கீழே பாருங்கள், மேலே பாருங்கள், நீர் வரும் வழி எது என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரை அழையுங்கள்.